ஏழு பேருடைய குளிர்

எங்கள் ஏழு பேருடைய கோட்டுகளும் களவுபோனது ஜனவரி இரண்டாவது ஞாயிறு, பட்டப்பகலில், ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில், ஊருக்கு வேண்டப்பட்ட ஒருவரின் ஐம்பதாவது பிறந்தநாள் கொண்டாட்டத்தில், கேக் வெட்டி முடிந்து நாங்கள் எல்லோரும் கொத்துரொட்டிக்கு வரிசையில் நின்ற நேரத்தில். அன்றைக்கு வெளியே சைபருக்குக் கீழே இருபத்துமூன்று பாகை, காற்றோடு சேர்த்தால் முப்பத்தைந்து என்று தமிழ் வானொலி காலையிலிருந்தே பயப்படுத்திக்கொண்டிருந்தது. இதைச் சொல்கிற நான் மங்களேஸ்வரி, அந்த ஏழு பேரில் ஒருத்தி. என் புருஷன் குலசிங்கம் இன்னொருவர். மற்ற ஐந்து பேரில் பவளராணியின் பெயரை மட்டும் சொல்கிறேன், அவள் இல்லாமல் கதை நகராது. மிச்சப் பேர் கோயிலிலும் மரக்கறிக் கடையிலும் என்னைக் கண்டால் இப்போதும் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பை ஏன் கெடுப்பான்.

அந்தக் கோட்டுகளைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். வாத்தின் நெஞ்சு இறகை அடைத்துத் தைத்து, தொப்பியின் விளிம்பில் ஓநாய் மயிர் வைத்து, இடது கையில் தோளுக்குக் கீழே கொம்பனிப் பெயர் போட்டு வட்டமாக ஒரு பட்டி பதித்திருப்பார்கள், அந்தப் பட்டிக்குத்தான் விலை. எங்கள் தாய்மார் தாலிக்கொடியின் பாரத்தைக் காட்டத் தலையைச் சரித்து நடந்தார்கள் என்றால், நாங்கள் பட்டி தெரிய இடது தோளை முன்னே நீட்டி நடந்தோம். மண்டபத்துக்குள் வேர்த்து வழிந்தாலும் வீடியோக்காரன் ஒருமுறை எங்கள் பக்கம் வந்து போகும்வரைக்கும் கழற்ற மாட்டோம். கழற்றினால் கதிரையில் போடும்போது பட்டி மேலே தெரிகிற மாதிரித்தான் போடுவோம்.

அன்றைக்கு மண்டபத்துக்காரர் புதுமையாக வாசலில் ஒரு மேசை போட்டு, கோட்டு வாங்கி வைக்க ஓர் ஆளையும் நிறுத்தியிருந்தார். மரியதாஸ் என்று பெயர், பேசாலைக் கடற்கரை, நாற்பது வயது இருக்கும், வந்து நான்கு மாதம், இந்த நாட்டில் அவருக்கு முதல் குளிர்காலம். மழைக்குப் போடுகிற மெல்லிய யாக்கெற் ஒன்றோடு இரண்டு பஸ் மாறி வந்தவர். கதவு திறக்கிற நேரமெல்லாம் காற்று அவரைத்தான் முதலில் பிடித்தது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்காமலே கோட்டுகளை அவர் கைமேல் போட்டுக்கொண்டு போனார்கள். நான் மட்டும் முகத்தைப் பார்த்தேன். பார்த்துச் சொன்னதுதான் இது: "கவனம் தம்பி, நிலத்தில விழுத்திப்போடாதையும். நீர் ஒரு வருசம் உழைச்சாலும் இப்பிடி ஒண்டு வாங்கேலாது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மரியதாசும் சிரித்தார். எனக்கு அது பெரிய பகிடி மாதிரித்தான் இருந்தது.

கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்தால் மேசையில் மற்றக் கோட்டுகள் எல்லாம் இருந்தன, பட்டி வைத்த ஏழையும் காணவில்லை, மரியதாசையும் காணவில்லை, பின்கதவு திறந்து கிடந்தது, பனியில் ஒரே ஓர் ஆளின் காலடி பஸ் தரிப்பிடம் வரைக்கும் போயிருந்தது. ஒரே கூச்சல். ஒருவர் பொலிசுக்குப் போன் அடித்தார், ஒருவர் மண்டபத்துக்காரரின் பரம்பரையைத் திட்டினார், பவளராணி தன் பிள்ளை வாங்கித் தந்த கோட்டு என்று மூக்கைச் சிந்தினாள். பிறகு வேறு வழியில்லாமல் ஏழு பேரும் பட்டுச்சேலையும் கோட்டும் சூட்டுமாய், இல்லை, அந்தக் கோட்டு இல்லாத வெறும் சூட்டுமாய், பல்லைக் கடித்துக்கொண்டு கார் நிற்கிற இடத்துக்கு ஓடினோம். பாதி வழியில் பவளராணி ஓட்டத்தை விட்டாள்.

"இஞ்சருங்கோ, எனக்குக் குளிரேல்லை" என்றாள்.

நாங்களும் நின்றோம். எனக்கும் குளிரவில்லை. சட்டைக் கைக்கும் காப்புக்கும் இடையில் வெறுங்கையில் பனி விழுந்தது, விழுந்து தண்ணீராகி வழிந்தது, அவ்வளவுதான். என் புருஷன் கழுத்துப் பட்டனைக் கழற்றிப் பார்த்தார், பிறகு கழுத்தில் கட்டியிருந்த ரையையும் கழற்றினார். கொத்துரொட்டியின் உறைப்பு என்று ஒருவர் சொன்னார், ஆத்திரத்தில் இரத்தம் கொதிக்கிறது என்று இன்னொருவர் சொன்னார், நாங்கள் அதை ஏற்றுக்கொண்டு ஆறுதலாக நடந்து போய்க் காரில் ஏறினோம்.

அடுத்த நாளும் குளிரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எனக்கு விரல் மொழிகளில், மூட்டு மூட்டாய், நோ இருந்தது. வந்த புதிதில் பதினொரு வருடம் கோழி வெட்டுகிற தொழிற்சாலையின் குளிரறையில் நின்று வாங்கிக்கொண்ட நோ. ஒவ்வொரு நவம்பரும் வந்து ஏப்ரலில்தான் போகும், அந்த மாதங்களில் நான் தேங்காய்த் துருவியைப் பிடிக்க மாட்டேன், தலையைப் பின்ன மாட்டேன், போத்தல் மூடி திறக்கப் புருஷனைக் கூப்பிடுவேன். அந்த நோ, கோட்டு களவுபோன மறுநாள் விடிய, இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. முப்பது வருடத்துக்குப் பிறகு ஜனவரி மாதத்தில் நான் இடியப்பம் பிழிந்தேன். பிழிந்து முடித்துத் தட்டைப் பார்த்துக்கொண்டு அழுதேன். நான் பிறகு செய்ததற்கெல்லாம் இதைச் சாட்டாகச் சொல்லவில்லை, ஆனால் நடந்தது இதுதான்.

ஒரு கிழமைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஊர் என்று நான் சொல்வது மூன்று கோயில், நான்கு மண்டபம், இரண்டு வானொலி, எண்ணிலடங்காத பலசரக்குக் கடை. என் புருஷன் சாரமும் பெனியனுமாய் நின்று வாசலில் பனி வழிக்கிறதைப் பார்க்க எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் யன்னலுக்கு வந்தது. ஐந்தாம் நாள் அவர்கள் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையசைக்கத் தொடங்கினார்கள். வைத்தியர் எங்கள் ஏழு பேரையும் சோதித்துவிட்டு, உடம்புச் சூடு சரி, நாடி சரி, கொலஸ்ரரோல் மட்டும் கூட என்றார். வானொலியில் நேயர்கள் அழைத்து, அது போன பிறவிப் புண்ணியம் என்றும் புதுவகை நீரிழிவு என்றும் விவாதித்தார்கள். பொலிசில் முறைப்பாட்டை விசாரித்த பெண் ஒருத்தி வீடு வீடாக வந்தாள், திருடன் யார் என்று தெரியும், இடமும் கிட்டத்தட்டத் தெரியும், இரண்டு நாளில் கோட்டுகளைக் கொண்டுவந்து தருகிறேன் என்றாள். ஏழு பேரும் ஒருவரோடு ஒருவர் கதைத்துப் பேசாமலே ஒரே பதிலைத்தான் சொன்னோம். வேண்டாம், பாவம், விட்டுவிடுங்கள். அவள் எங்கள் பெரிய மனதைப் பாராட்டிவிட்டுப் போனாள்.

தைப்பூசத்துக்கு எங்கள் கோயிலில் சுவாமி வெளிவீதி வருவதில்லை. இந்த நாட்டுக் குளிரில் மண்டபத்துக்குள்ளேயே மூன்று சுற்றுச் சுற்றி முருகனைத் திரும்ப இருத்திவிடுவார்கள். அந்த வருடம்தான் முதன்முதலாக முருகன் வெளியே வந்தார். ஏழு பேரில் ஆண்கள் நான்கு பேர், வேட்டியும் வெறும் மேலுமாய், வெறுங்காலோடு பனியில் நடந்து சுவாமியைத் தூக்க, பெண்கள் மூன்று பேரும் கற்பூரச் சட்டி ஏந்தி முன்னால் போனோம். குடையும் தொப்பியும் கம்பளியுமாய்ச் சனம் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அரோகரா சொன்னது. ஐயர் பூணூலுக்கு மேல் மூன்று சுவெற்றர் போட்டுக்கொண்டு வந்து எங்கள் நெற்றியில் திருநீறு பூசி, "அவன் கூப்பிட்ட ஆக்கள் நீங்கள்" என்றார். என் புருஷன் அன்றைக்கு அழுதார். பிறகு கோயில் நிர்வாக சபைக்கு அவரைப் போட்டியில்லாமல் தெரிவுசெய்தார்கள்.

மற்றவர்களுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நல்ல கோட்டு இல்லாதவர்கள் நல்ல கோட்டு வாங்கினார்கள், வாங்கி ஒரு நாளும் போடாமல் கோயில் வாசலிலும் பல் வைத்தியர் வீட்டிலும் நூலகத்திலும் பட்டி தெரியத் தொங்கவிட்டுவிட்டு, வெறுமேலோடு வீட்டுக்கு ஓடி, காய்ச்சலில் படுத்தார்கள். ஒருவர் கூடக் களவெடுக்கவில்லை. "எங்கட சனத்துக்குள்ள ஒரு கள்ளன் கூட இல்லையே" என்று ஒரு மனுசி வானொலியில் விம்மினாள். கோயில் வாசலில் கோட்டுகள் கடை மாதிரிக் குவிந்தன, கடைசியில் நிர்வாக சபை, அதாவது என் புருஷன், அறிவித்தல் போட்டு அவற்றை எடுப்பித்தார்.

குளிர் எங்கே போனது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பெப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை அது கோயிலுக்கு வந்தது. செருப்பு வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில், கோட்டுக் கொழுவுகிற கம்பியின் கீழே, மரியதாஸ் நின்றார். கத்தோலிக்கர், கோயிலுக்குள் காலடி வைக்கக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். ஏழு கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார். பிறகு கை நடுங்க நடுங்க ஒவ்வொன்றாகக் கழற்றிக் கம்பியில் கொழுவி, ஒரு மட்டையில் எழுதியதை முன்னால் வைத்தார்: தயவுசெய்து உங்கள் கோட்டை எடுத்துக்கொண்டு என்னை மன்னியுங்கள். அவர் உதடு நாவற்பழ நிறம். இமையில் உறைபனி. அவர் நின்ற இடத்தைச் சுற்றி ஒரு பாய் அளவுக்கு நிலத்தில் ஐஸ் பிடித்திருந்தது, கோயிலுக்குள்ளோ வெப்பமூட்டி போட்டு எல்லோருக்கும் வேர்த்தது. செருப்புக் கழற்ற வந்தவர்கள் அந்த ஐஸில் வழுக்காமல் கவனமாய் விலகிப் போனார்கள்.

பவளராணிதான் முதலில் அகப்பட்டாள். பிள்ளை வாங்கித் தந்த கோட்டைக் கண்டதும் பழக்கதோஷத்தில் எடுத்து ஒரு கையை உள்ளே விட்டுவிட்டாள். விட்டதும் அவள் பல் கிடுகிடுவென்று அடித்தது, முகம் சாம்பலானது. அதே கணத்தில் மரியதாசின் இடது காது சிவந்து, அதில் பிடித்திருந்த உறைபனி உருகிக் கழுத்தில் வடிந்தது. அவர் அந்தக் காதைத் தொட்டுப் பார்த்தார். பவளராணி சுடுசட்டியில் பட்டவள் போலக் கையை இழுத்து, கோட்டைக் கம்பியில் போட்டுவிட்டு, "என்ர இல்லை" என்றாள். காது திரும்ப வெளுத்தது. நாங்கள் ஏழு பேரும் அங்கேதான் நின்றோம், ஏழு பேருக்கும் அந்த நிமிடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. பிறகு ஒவ்வொருவராகக் கம்பியைக் கடந்து போனோம். "வடிவாய்த்தான் இருக்கு, ஆனா என்ரையில்லை" என்றார் ஒருவர். "என்ர கொஞ்சம் நீளம்" என்றார் இன்னொருவர். என் புருஷன் கண்ணாடியைப் போட்டுத் தன் கோட்டின் பட்டியை வாசித்துப் பார்த்து, நிர்வாக சபை உறுப்பினரின் குரலில், "உரிய ஆக்கள் வந்தால் குடுப்பம்" என்றார்.

என் கோட்டுப் பையில் நான் வைத்த இருமல் இனிப்புப் பெட்டி பாதி வெளியே தெரிந்தது. மரியதாஸ் என்னைப் பார்த்தார். நான் குனிந்து செருப்புக் கழற்றினேன், கழற்றின செருப்பையே திரும்பவும் மாட்டி, திரும்பவும் கழற்றினேன்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னேன். "இஞ்சருங்கோ, அந்த மனுசன் செத்துப்போடும்."

"சாகாது. சித்திரை பிறந்தா குளிர் போயிடும். இன்னும் ஆறு கிழமை. நாங்கள் வந்த புதிசில எத்தினை குளிரைத் தாங்கினனாங்கள்? எங்களுக்கு ஆரும் கோட்டுத் தந்தவையோ?"

"எங்கட குளிரை எல்லே அவர் தாங்குறார்."

"ஆர் களவெடுக்கச் சொன்னது?" என்றார். பிறகு என் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினார். "இதைப் பாரும். இது திரும்பவும் வேணுமோ உமக்கு?"

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

மரியதாஸ் ஒவ்வொரு வெள்ளியும் ஏழு கோட்டோடும் வந்தார், ஏழையும் திரும்பப் போட்டுக்கொண்டு போனார். எங்கள் சனம் கல்நெஞ்சுக்காரர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது வெள்ளியே கம்பளிகள் வந்தன, மூன்றாவது வெள்ளி மின்சார அடுப்பு வந்தது, வானொலியில் உருக்கமாய் அறிவித்து நாற்பது கோட்டுச் சேர்த்தார்கள், அவர் இருந்த நிலக்கீழ் அறையில் கால் வைக்க இடமில்லாமல் குவித்தார்கள். எதுவும் அவரைச் சுடவைக்கவில்லை. ஐயர் மனைவி கொடுத்த மல்லிக் கோப்பி அவர் கைக்குப் போனதும் ஆடை கட்டி உறைந்தது. எல்லோருக்கும் அவர்மேல் இரக்கம், எல்லோருக்கும் காரணம் தெரியும். அந்த ஏழு பேர் யார் என்று ஊரே அறியும், முருகனைத் தூக்கினவர்களிடம் போய்க் கோட்டை எடு என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நான் அவருக்குப் புட்டும் மீன்குழம்பும் கொண்டுபோய்க் கொடுத்தேன். உறைவதற்கு முன் சாப்பிட வேண்டும் என்று நானே குழைத்துக் கொடுத்தேன். ஒரு நாள் கேட்டேன், ஏன் தம்பி எடுத்தனீர் என்று.

"எடுக்கிறதெண்டு நினைக்கேல்லை அக்கா. ஒருக்காச் சூடாய் இருந்து பாப்பம் எண்டு உங்கட கோட்டைப் போட்டன். நீங்கள் இப்பத்தான் கழட்டித் தந்தது, உள்ளுக்க உங்கட சூடு இருந்தது. அது போயிடுமோ எண்டு மற்றதைப் போட்டன். பிறகு மற்றது. ஏழையும் போட்ட பிறகு எனக்குக் கழட்ட மனம் வரேல்லை." தாடையைப் பிடித்துப் பல்லடிப்பை அடக்கினார். "உங்கட ஆகக் கீழ, சேட்டோட ஒட்டினபடி இருக்கு. உங்கடதெண்டு தெரியும். ஆனா நீங்கள் சொல்லாமல் நான் சொல்லேலாது, என்ன அக்கா?"

"சாப்பிடும் தம்பி, இறுகப் போகுது" என்றேன் நான்.

மார்ச் கடைசியில், அதே மண்டபத்தில், அவருக்காக ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். எங்களுக்கு ஒரு மனக்கஷ்டம் என்றால் மேடை போட்டுவிடுவோம், மேடை போட்டால் பொன்னாடை போர்த்துவோம். வரவேற்பு நடனம், மூன்று பேச்சு, பிறகு மரியதாசுக்குப் 'பொறுமைச் செம்மல்' என்று பட்டம். பட்டத்தை யோசித்தவர் என் புருஷன். மரியதாசை மேடைக்கு ஏற்றினார்கள், ஏழு கோட்டோடும் அவர் நிற்க முடியாமல் நின்றார், அவர் காலடியில் மேடைப் பலகை வெள்ளையாகப் பூத்தது. தைப்பூசத்து ஏழு பேரும் ஆளுக்கொரு பொன்னாடை போர்த்துவது என்று ஒழுங்கு. முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டார்கள்.

சரிகைச் சால்வை கையில் இருந்தது. கிட்டப் போனேன். அவர் மரியாதைக்காகக் குனிந்தார், குனியும்போது தோள் மடங்காமல் கறகறவென்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு என்னால் போர்த்த முடியவில்லை. சால்வையைக் கீழே போட்டுவிட்டு, மேலேயிருந்த கோட்டின் சிப்பை இழுத்தேன். அது பவளராணியின் கோட்டு. கழற்றித் தூக்கிப் பிடித்து, "இது ஆரின்ர?" என்று கேட்டேன். பவளராணி கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். அதை மேடையில் வைத்துவிட்டு அடுத்ததைக் கழற்றினேன், இது ஆரின்ர. அடுத்தது, இது ஆரின்ர. நாலாவது என் புருஷனுடையது, கறுப்பு, பட்டியில் நான் தைத்துக் கொடுத்த நூல் இருந்தது, அதைத் தூக்கிப் பிடித்து அவரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். அவர் முதல் வரிசையில் இருந்தார். ஐந்தாவது, ஆறாவது. கடைசியில் என்னுடையது மட்டும் மரியதாசின் உடம்பில் இருந்தது. அதைக் கழற்ற இறுகிப்போய் வரவில்லை, இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம்.

"இது என்ர" என்றேன். "முதல் நாளே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் இருந்தனான்."

போட்டேன். ஜனவரியிலிருந்து எனக்கென்று வந்த குளிர் முழுவதும், ஒவ்வொரு நாளினதும், ஒவ்வொரு இரவினதும், ஒரே நேரத்தில் எலும்புக்குள் இறங்கியது. விரல்கள் இஞ்சிக் கிழங்கு போல முறுக்கிக்கொண்டன. நான் முழங்காலில் விழுந்தேன். மரியதாஸ் தன் வலது கையை விரித்து மூடிப் பார்த்தார், அந்தக் கையில் நிறம் வந்திருந்தது, அந்தக் கையால்தான் என்னைத் தூக்கினார். அது சூடாய் இருந்தது.

அப்போது என் புருஷன் எழும்பினார். கோட்டை எடுக்க வருகிறார் என்று நினைத்தேன். அவர் சபையைப் பார்த்துக் கையைக் கூப்பி, "குறை நினையாதேங்கோ. என்ர மனுசிக்குக் கொஞ்ச நாளாய் மனம் சரியில்லை" என்றார். மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது, அப்படி ஓர் ஆறுதல். அறிவிப்பாளர் அடுத்த நிகழ்ச்சியாகச் சின்னப் பிள்ளைகளின் மயில் நடனத்தைக் கூப்பிட்டார்.

மேடைக்குப் பின்னால் மரியதாஸ் மற்ற ஆறு கோட்டையும் பொறுக்கி எடுத்தார். அவை சூடு தராது என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் குளிருகிற மனுசன் கோட்டைக் கண்டால் போடாமல் இருப்பானா. அவருக்கு ஒரு கைதான் வளைந்தது. மற்றக் கைக்கு நான்தான் பிடித்துக் கொடுத்தேன், ஆறு தரமும், என் முறுக்கின விரல்களால் சிப்பையும் இழுத்து விட்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு என்னை விசர் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. பவளராணி பின்னேரத்தில் வந்து, கை இல்லாத சட்டையோடு என் பக்கத்தில் இருந்து, "குளிருதோ அக்கா?" என்று உண்மையான அன்போடு கேட்டு, கம்பளியை இழுத்து மூடிவிட்டுப் போவாள். ஆறு பேரும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்திரை பிறந்தது, வருடப்பிறப்புக்குக் கைவிசேடக் காசு கொடுத்தோம், பனி உருகி வாய்க்காலில் ஓடியது. மூன்றாம் நாள் யாரும் எதிர்பாராமல் கடைசியாக ஒரு பனிப்புயல் வந்தது. அடுத்த நாள் காலையில் நான் புட்டுக் கொண்டு போனபோது நிலக்கீழ் அறைக் கதவு ஐஸ் பிடித்து இறுகியிருந்தது. வீட்டுக்காரர் கோடாலியால் கொத்தித் திறந்தார். நாற்பது கோட்டுக்கும் கம்பளிகளுக்கும் நடுவில் மரியதாஸ் ஆறு கோட்டோடு இருந்தார். வலது கை மட்டும் மடியில் மெத்தென்று கிடந்தது.

மலர்ச்சாலையில் மரியதாசின் உடலைப் பார்வைக்கு வைத்த அன்றைக்கு வெளியே இருபது பாகை, மரங்களில் மொட்டு, சனம் அரைக்கைச் சட்டையோடு வந்தது. ஊர் முழுக்க வந்தது, இடம் போதவில்லை. ஆறு கோட்டையும் பொலிஸ் என்னிடம் தந்திருந்தது, நான் அவற்றைக் கொண்டுபோய்க் கடைசி வரிசை வாங்கில் வைத்திருந்தேன். சுவாமியார் செபத்தைத் தொடங்கும்போதே முன்வரிசையில் பவளராணியின் வாயிலிருந்து புகை வந்தது. பிறகு என் புருஷனின் வாயிலிருந்து. ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் பல் அடிக்கத் தொடங்கியது. தாங்கிக்கொள்ள யாரும் இல்லாமல் போன மூன்று மாதத்துக் குளிரும் உரிய இடத்துக்கு வந்துவிட்டது. முதலில் கையைக் கட்டிப் பார்த்தார்கள். பிறகு எழும்பி, யாரையும் பார்க்காமல், கடைசி வாங்குக்கு ஓடினார்கள். அங்கே இரண்டு கறுப்புக் கோட்டு இருந்தது.

"அது என்ர" என்றார் என் புருஷன்.

"இல்லை அண்ணை, இதுதான் என்ர, உங்கடையில பட்டி தைச்சது" என்றார் மற்றவர்.

"விடும் காணும், என்ர கோட்டு எனக்குத் தெரியாதோ!"

சவப்பெட்டிக்கு முப்பது அடி தள்ளி, இரண்டு பேரும் கோட்டில் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். செபம் நின்றது. சனம் திரும்பிப் பார்த்தது. எனக்குக் குளிரவில்லை, நான் என் குளிரை முன்னமே வாங்கியிருந்தேன், அந்த நேரத்தில் எனக்குள் ஒரு சின்னச் சந்தோசம் கூட வந்தது. நாசமாய்ப் போன அந்தச் சந்தோசத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. நூல் தைத்த கோட்டை எடுத்துப் புருஷனிடம் கொடுத்தேன், அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

பேசாலையிலிருந்து மரியதாசின் மனைவி ஜெசிந்தா வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். போனைப் பிடித்திருந்தது நான். முகத்தைக் காட்டினேன், கையைக் காட்டினேன், பூவைக் காட்டினேன். கனநேரம் அழுதாள். பிறகு போன் ஆடினபோது பின்னால் நின்றவர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

"அக்கா, அவை ஏன் கோட்டுப் போட்டிருக்கினம்? அங்க இன்னும் குளிரோ?"

"ஓம் பிள்ளை. சரியான குளிர்."

"இவருக்குக் குளிர் ஒத்துவராது அக்கா. இஞ்ச மாரி மழைக்கே நடுங்கிற மனுசன். போட ஏதும் இருந்ததோ அவருக்கு?"

போன் சத்தமாய்த்தான் இருந்தது. ஆறு பேருக்கும் கேட்டது.

"இருந்தது பிள்ளை" என்றேன். "ஏழு கோட்டு இருந்தது. நல்ல கோட்டுகள்."

"ஏழோ! ஆரக்கா குடுத்தது?"

நான் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அதைக் கேட்க உரிமை இருந்தது, எனக்கு வாயும் இருந்தது. "நாங்கள்தான் பிள்ளை" என்றேன்.

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, நிமிர்ந்து இருந்து, தலையில் முக்காட்டைச் சரி செய்தாள். "அந்தோனியார் உங்களைக் கைவிட மாட்டார் அக்கா. அந்த ஆக்களின்ர முகத்தை எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ, கும்பிடுறன்."

போனைத் திருப்பிப் பிடித்தேன். ஆறு பேரும் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார்கள். நான் ஒவ்வொருவருக்கும் முன்னால் போய் நின்றேன், அவள் ஒவ்வொருவராகக் கும்பிட்டாள், என் புருஷனைக் கும்பிடும்போது மட்டும் அவர் கையெடுத்துத் திரும்பக் கும்பிட்டார். ஆறும் முடிந்தது.

"நீங்களும் குடுத்தனீங்கள் எல்லோ அக்கா" என்றாள் ஜெசிந்தா. "போனை உங்கட பக்கம் திருப்புங்கோ."